கையில் வாங்கிய கத்தி

சபாபதி வீட்டுத் தறியில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, தறியை விட்டு யார் எழுந்தாலும் கத்தியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் எழ வேண்டும். கத்தி என்றதும் மிரள வேண்டாம். உடைந்த ஆக்ஸா பிளேடில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். ஒரு முனை சாணை பிடித்தது, மறுமுனை பிடிக்க வாகாக நூல் சுற்றியது. புடவைக் கரையோரம் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறை நறுக்க அது வேண்டும். உட்காரும் பலகையிலேயே அதை வைத்துவிட்டு எழுந்தால் தறிக்குழிக்குள் விழுந்துவிடும். குழிக்குள் மிதிப்பது வெறுங்கால். தறியில் செருப்போடு உட்காருவது அந்த வீட்டில் நடக்காத காரியம். சபாபதியின் மனைவி வடிவாம்பாளின் இடது குதிகாலில் அப்படி விழுந்து கிடந்த கத்தி போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு வந்த சட்டம் அது.

இரண்டாவது சட்டம் ஊருக்கே பொது. கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கையில் வாங்கக் கூடாது. கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பார்கள். மற்ற வீடுகளில் இதை நினைவு வந்தால் பார்ப்பார்கள். வடிவாம்பாள் காய்கறி நறுக்கும்போதுகூட விடமாட்டாள்.

இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் வளர்ந்தவள் கலைவாணி. ஒரே பெண், எட்டாம் வகுப்பு. காலையில் அம்மா அடுப்பைப் பார்க்கும் நேரத்தில் தறியில் உட்கார்ந்து முந்தின நாள் நெய்ததில் பிசிறு நறுக்குவாள். நறுக்கிக்கொண்டே சத்தமாகப் பேசிப் பழகுவாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் ஆயிற்றே, மைக் இல்லாமலே பள்ளிக்கூட மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவள் படித்த நடுநிலைப்பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் வேறு பெயரை யாரும் யோசிப்பதில்லை.

அந்த வருஷம் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பையன் வகுப்பிலேயே இன்னொரு பையனை வெட்டிவிட்டான் என்று டி.வி.யில் வந்தது. அதிலிருந்து எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் காய்ச்சல். தலைமையாசிரியை லோகாம்பாள் ‘மாணவர் அமைதிக் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்தார். பச்சை பேட்ஜ் குத்திக்கொண்ட நாலைந்து பிள்ளைகள் காலையில் வாசலில் நின்று மற்றவர் பையைத் திறந்து பார்க்க வேண்டும். தலைவி யார் என்று கேட்கவும் வேண்டுமா? மாவட்டப் பேச்சுப்போட்டிக்கும் அதே சமயம் தலைப்பு வந்தது: நற்குணமும் வன்முறையில்லாப் பள்ளியும். கலைவாணி இரண்டே நாளில் பேச்சைத் தயார் செய்துவிட்டாள். “நற்குணம் என்பது யாரும் பார்க்காதபோதும் சரியாக நடந்துகொள்வது” என்று அதில் ஒரு வரி. அந்த இடத்தில் நிறுத்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பாள். லோகாம்பாள் மிஸ்ஸுக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

அவளுடைய பை மட்டும் தினமும் யாரும் பார்க்காமலே உள்ளே போகும். அவள்தான் தலைவியாயிற்றே.

அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் தப்ரேஸ் என்று ஒரு பையன். அவன் அப்பா கியாசுதீன் சாணை பிடிப்பவர். சைக்கிள் பின்சக்கரத்தில் பெல்ட் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தால் முன்னால் சாணைக்கல் சுற்றும். தாமல் கிராமம் வரைக்கும் மிதித்துக்கொண்டு போய் அரிவாள் தீட்டுவார். நெசவுத் தெருக்களுக்கு மாதம் ஒரு சுற்று. கத்திரி, அரிவாள்மணை எல்லாம் தீட்டுவார், பிளேடுத் துண்டில் பிசிறுக் கத்தியும் செய்து தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தப்ரேஸும் கூட வருவான். சபாபதி வீட்டுக் கத்திக்குப் பிடி வழுக்குகிறது என்றதும், சபாபதி கொடுத்த அரக்குப் பட்டு நூலை நெருக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டவன் அவன்தான். தீட்டிய கத்தியை வாசற்படியில் வைத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் நிற்பான். கலைவாணி எடுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, பேச ஒன்றும் இருந்ததில்லை.

தப்ரேஸுக்கு வகுப்பில் நல்ல பேர் கிடையாது. காரணம் கதிர்வேல் என்ற பையனின் உதடு. தண்ணீர்க் குழாயடியில் கதிர்வேல் ஒற்றைக் காலால் சைக்கிள் மிதிப்பது போல் ஆடிக்காட்டி, சாணைக்கல் மாதிரி கீச்சுக்குரலில் கத்தி, “டேய் சாணை, எங்க ஆயாவுக்கு மொக்கப் பல்லு, உங்கப்பன வந்து தீட்டித் தரச் சொல்றியா?” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தப்ரேஸ் தள்ளிவிட்டான். கதிர்வேலின் உதடு குழாய் மேடையில் பட்டுக் கிழிந்தது. விசாரணைக்கு அமைதிக் குழுத் தலைவியைக் கூப்பிட்டார்கள். “யார் மொதல்ல கை வச்சது?” என்று கேட்டார்கள். “தப்ரேஸ்தான் மிஸ்” என்றாள். பொய் இல்லையே. கதிர்வேல் என்ன சொன்னான் என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளையை வாத்தியார்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

அது நடந்து சில நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை. கலைவாணி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டே தறியில் உட்கார்ந்து பிசிறு நறுக்கிக்கொண்டிருந்தாள். “மணி ஆவுது, எழுந்திரிடி! தலைவியம்மாவே லேட்டா போனா நல்லாவா இருக்குது?” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. எழுந்தாள். சட்டப்படி கத்தியைக் கையோடு எடுத்தாள். ஓவர்கோட் பாக்கெட்டில் போட்டாள். சோற்றுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள். எல்லாம் பழக்கதோஷம்.

வாசலில் நின்று பைகளைப் பார்த்தாள். தப்ரேஸ் பையை மற்றவர் பையைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. கை தானாகவே பழகிவிட்டிருந்தது.

இரண்டாவது பீரியடில் பி.டி. சார் வந்து, “இன்னிலேர்ந்து பாக்கெட்டும் செக் பண்ணணும். பெல் அடிச்சதும் எல்லாரும் வராண்டாவுல லைன்ல நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கலைவாணி கர்ச்சீப் எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டாள். அரக்கு நூல் விரலில் பட்டது.

அப்போதே எழுந்து, “சார், தப்பா வந்துடுச்சு” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சார் சிரித்திருப்பார். ஆனால் அவள் சட்டையில் பச்சை பேட்ஜ் இருந்ததே. மடியில் கனம், வழியில் பயம். பென்சில் சீவிய குப்பையைப் போடுவது போல் எழுந்து வகுப்பின் பின்னால் இருந்த குப்பைக் கூடையிடம் போனாள். தகரக் கூடை, உள்ளே காகிதம் ஒன்றும் இல்லை. போட்டால் சத்தம் கேட்கும். அதனால் கூடைக்குப் பின்னால், சுவருக்கும் கடைசி பெஞ்சின் காலுக்கும் நடுவே நழுவவிட்டாள். சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அது யார் பெஞ்ச் என்று நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று அவள் பிற்பாடு தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாக்கெட் சோதனையில் யாரிடமும் ஒன்றும் கிடைக்கவில்லை. மத்தியானம் பெஞ்சுகளை நகர்த்திப் பெருக்கும்போது கத்தி கிடைத்தது. “சாணை! சாணை கத்தி வச்சிருக்கான்!” என்று கதிர்வேல் கூவினான். கத்தி தீட்டுபவர் மகன், கடைசி பெஞ்ச், போன வாரம்தான் ஒருவன் உதட்டைக் கிழித்தவன். வேறு யாரையும் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் கியாசுதீனை வரச் சொன்னார்கள். லோகாம்பாள் மிஸ் அறையில் பி.டி. சார், தப்ரேஸோடு கலைவாணியும் நிற்க வேண்டியிருந்தது.

“நீதானம்மா காலையில அவன் பையைப் பார்த்தே? பையில இருந்துதா?”

“பையில ஒண்ணும் இல்ல மிஸ்.”

“அப்ப இடுப்புல சொருகிக்கினு வந்திருக்கான்” என்றார் மிஸ். இப்படி அவள் வாயிலிருந்து வந்த இன்னொரு உண்மையும் அவன் தலையில்தான் விழுந்தது.

மேஜைமேல் இருந்த கத்தியைக் கியாசுதீன் எடுத்தார். கூரில் கட்டை விரலை மெதுவாக வைத்துப் பார்த்தார். தன் கைவேலையைத் தனதில்லை என்று சொல்ல அந்த மனுஷருக்குத் தெரியவில்லை. “நான் தீட்டுனதுதாம்மா இது” என்றார்.

“கேட்டீங்களா? அவரே ஒத்துக்கிட்டார்” என்று மிஸ் பி.டி. சாரைப் பார்த்தார்.

“இல்லம்மா, நான் தறிக்காரங்க வீட்டுக்கெல்லாம்…”

“போதும் பாய். சின்னப் பசங்க படிக்கிற எடம் இது. நீங்களா வந்து டி.சி. வாங்கிக்கினு போயிட்டா நல்லது. போலீசு அது இதுன்னு போக வேணாம்னு பாக்குறேன்.”

கியாசுதீன் மகனிடம் உருதுவில் மெல்ல ஏதோ கேட்டார். தப்ரேஸ் இல்லை என்று தலையாட்டினான். “அப்ப யாருதுடா இது?” என்று மிஸ் கேட்டார். அவன் கத்தியைப் பார்த்தான், பிடியைப் பார்த்தான், பிறகு கலைவாணியைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான் பார்த்தான்.

“தெரியாது மிஸ்” என்றான்.

அப்பாடா, இவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்று கலைவாணி மூச்சு விட்டாள். அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

வீட்டில் வேறு ஒரு கூத்து. கத்தியைக் காணோம். “நீதானடி கடைசியா ஒக்காந்திருந்தே, எங்க வச்சே?” என்று அம்மா கேட்டாள். “தெரியலமா” என்றாள் கலைவாணி. அப்படியானால் குழிக்குள்தான் விழுந்திருக்க வேண்டும். சபாபதி செல்போன் டார்ச்சை அடித்துக் குழியைத் துழாவினார். கிடைக்கவில்லை. அதற்காகத் தறியை நிறுத்த முடியுமா? முகூர்த்தப் புடவை தறியில் நிற்கிறது. மனுஷர் வெறுங்காலை வைத்துத் தடவித் தடவி மிதித்தார். சீராகக் கேட்கும் தறிச் சத்தம் அன்று நொண்டி நொண்டிக் கேட்டது. கலைவாணி சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். குழியில் கத்தி இல்லை, பயப்படாதே அப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

ஞாயிற்றுக்கிழமை, வேறு கத்தி வாங்கி வரலாம் என்று சபாபதி அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒலிமுகமதுபேட்டைக்குப் போனார். சந்துக்குள் வாசலிலேயே சாணைச் சைக்கிள் நின்றது. மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது.

“இனிமே கத்தி செய்றதில்ல சபாபதிண்ணா” என்றார் கியாசுதீன்.

“ஏன் பாய், ஒடம்பு சரியில்லியா?”

அவர் நடந்ததைச் சொன்னார். எந்தப் பள்ளிக்கூடம் என்றும் சொன்னார். கலைவாணி அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றாள். சபாபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரிய மனுஷத் தோரணையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நமக்கு ஆயிரம் வேல இருக்கும் பாய், ஆனா புள்ளைங்கள கவனிக்கணும். எங்க வூட்டுப் பொண்ணும் அங்கதான் படிக்குது. ஒரு பேச்சு வாங்கினதில்ல” என்றார்.

கியாசுதீன் சைக்கிள்மேல் இருந்த சாக்கை இழுத்துச் சரி செய்தார். “நாளைக்குப் போய்ப் பேசிப் பாக்கலாம்னு இருக்கேன். அவங்க மனசு வச்சாத்தான்” என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து தப்ரேஸ் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். கலைவாணி குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். லோகாம்பாள் மிஸ் அறைவாசல் வரைக்கும் போகவும் செய்தாள். உள்ளே யாரோ விருந்தாளி. மிஸ் அவளைப் பார்த்துவிட்டு, “இதோ, நான் சொன்னேனே, இதுதான் அந்தப் பொண்ணு. தங்கம்!” என்றார். விருந்தாளி அவள் கன்னத்தைத் தட்டினார். தங்கம் சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தப்ரேஸ் வரவில்லை. பேட்ஜைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக மிஸ் அறைக்குப் போனாள். பேச்சுப்போட்டிக் குரல் எங்கே போயிற்றோ, காற்றுதான் வந்தது.

“மிஸ், அந்தக் கத்தி என்னுது.”

மிஸ்ஸுக்கு முதலில் புரியவில்லை. அவள் தறியிலிருந்து எழுந்ததை, பாக்கெட்டில் போட்டதை, குப்பைக் கூடைக்குப் பின்னால் நழுவவிட்டதை அழுதுகொண்டே சொன்னாள். தனக்கும் டி.சி. கொடுப்பார்கள், போலீஸ் வரும், அப்பா மானம் போகும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

லோகாம்பாள் மிஸ் சிரித்துவிட்டார். “அட பைத்தியமே! இதுக்கா இப்படி அழுவுறே? தறிக்காரங்க வூட்டுப் பொண்ணு, அவசரத்துல எடுத்துக்கினு வந்துட்டே. இதெல்லாம் ஒரு தப்பா?” மேஜை டிராயரைத் திறந்து கத்தியை எடுத்தார். “நல்ல கத்திம்மா. நாலு நாளா சாக்பீஸ் பெட்டி பிரிக்க இதத்தான் வச்சிருந்தேன். கொஞ்சம் மொக்கையாயிடுச்சுபோல. அப்பாகிட்ட கொடுத்துடு.” ஒரு காகிதத்தில் சுற்றி மேஜைமேல் வைத்தார்.

கலைவாணி அதைப் பார்த்தபடி நின்றாள். வெள்ளிக்கிழமை அதே மேஜைமேல் அதே கத்தி இருந்தபோது போலீஸ் என்று பேசினார்கள். இன்றைக்கு அது சாக்பீஸ் பெட்டி பிரிக்கிற கத்தி. கத்தி ஒன்றும் மாறவில்லையே.

“தப்ரேஸ், மிஸ்?”

மிஸ்ஸின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “நேத்து சாயங்காலமே அவங்கப்பா வந்து வாங்கிக்கினு போயிட்டாரே. ஓரிக்கை பக்கம் எங்கியோ சேக்கப் போறதா சொன்னார். சரி விடு. எப்படியும் கை நீட்டுற பையன்தானே. இப்பப் போய் அதைக் கிளறாதே.”

நேற்று சாயங்காலம். நேற்றுக் காலையில்தான் அவள் அந்த வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் போட்டிப் பேச்சுக்கு ஒத்திகை வைத்திருந்தார்கள். கலைவாணி மைக் முன்னால் நின்றாள். தயார் செய்த பேச்சில் ஒரு வரிகூட அவள் வாயில் வரவில்லை, வீட்டில் பேசுவது போல்தான் வந்தது.

“அந்தக் கத்தி தப்ரேஸோடது இல்ல. என்னுது. நான்தான் ஒளிச்சு வச்சேன். அவன வெளிய அனுப்பினப்ப நான் சும்மா இருந்தேன். தெனமும் எல்லார் பையையும் தேடுனோம், என் பைய யாரும் தேடல. நாம கத்தியத் தேடல, ஆளத் தேடுனோம். கெடைச்சான், அனுப்பிட்டோம். கதிர்வேல் அவங்கப்பாவ கேலி பண்ணப்ப நான் பக்கத்துலதான் நின்னேன், நானும் சிரிச்சேன். சண்டை அங்கதான் ஆரம்பிச்சது. அங்க நின்னு பாக்கறதுக்கு யாரும் பேட்ஜ் குத்திக்கல. நல்ல குணம்னா என்னன்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியல. எனக்கு இருக்குதுன்னு எல்லாரும் சொன்னீங்க. எங்கிட்ட இல்ல.”

திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று அவள் நின்றாள். லோகாம்பாள் மிஸ் மைக்கை வாங்கினார். கண் கலங்கியிருந்தது. “பார்த்தீங்களா பிள்ளைங்களா, எவ்வளவு நேர்மை! தப்பை ஒத்துக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! கலைவாணிக்கு எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினார்கள். கதிர்வேலும் தட்டினான். தப்ரேஸின் பெயரை மிஸ் சொல்லவே இல்லை. இறங்கி வந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “இதையே போட்டியிலும் கடைசியில சேத்துக்கோ, ஜட்ஜுங்க உருகிடுவாங்க” என்றார். கலைவாணி போட்டிக்கு வரவில்லை என்றாள். சங்கரி என்று ஏழாம் வகுப்புப் பெண்ணை அனுப்பினார்கள். பச்சை பேட்ஜை அவள் திரும்பக் குத்திக்கொள்ளவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பது போல, தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

வீட்டில் அப்பா அடிக்கவில்லை. ரொம்ப நேரம் தறியிலேயே உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை. “புள்ளைய கவனிச்சுக்கோன்னு நான் வேற புத்தி சொல்லிட்டு வந்தேனேடி. பாய் மூஞ்சில எப்டி முழிப்பேன்?” என்று மட்டும் கேட்டார்.

கியாசுதீன் தொழிலை விட்டுவிடவில்லை. விட்டால் சோறு எங்கிருந்து வரும்? இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தது. கூட தப்ரேஸும் வந்திருந்தான். சபாபதி ஜன்னல் வழியே பார்த்தார். போய்ப் பேசுவார் என்று வடிவாம்பாள் நினைத்தாள். அவர் சத்தமில்லாமல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, வேகவேகமாக மிதிக்க ஆரம்பித்தார். ஐம்பது வயது மனுஷருக்கு ஒளிந்துகொள்ள வேறு இடம் கிடைக்கவில்லை.

கலைவாணிதான் மொக்கைக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கியாசுதீன் அவளைப் பார்த்தார். அவரிடம் போய், “மன்னிச்சிடுங்க மாமு” என்றாள். அவர் தலையை அசைத்தார். மன்னித்தாரா இல்லையா என்று அந்த அசைவில் தெரியவில்லை. மகனிடம், “நீ தீட்டு, நான் டீ குடிச்சிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார்.

அவள் கத்தியைப் படியில் வைத்தாள். தப்ரேஸ் எடுத்துக்கொண்டான். சீட்டில் ஏறி மிதித்தான். கல்லில் பொறி பறந்தது. தீட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், “ஒனக்குக் கை தட்டுனாங்களாமே” என்றான்.

கத்தியைத் திருப்பிக் கல்லில் வைத்தான்.

“இந்த நூல நான்தான் சுத்துனேன். முடிச்சு என்னுது. அன்னிக்கு மேஜைமேல பாத்ததுமே தெரியும்.”

“தெரியுமா? பின்ன ஏன்டா சொல்லல?”

“நான் சொன்னா யாரு நம்புவாங்க? அந்தப் பொண்ணு மேலயே பழி போடுறியான்னு ரெண்டு அடி சேத்துப் போட்டிருப்பாங்க.” சக்கரம் நின்றது. “நீ சொல்லுவேன்னு பாத்தேன். அங்கியே சொல்லுவேன்னு பாத்தேன். ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வந்தப்ப, சொல்லத்தான் வந்திருக்கேன்னு நெனச்சேன். தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு அங்கியே நின்னுக்கினு இருந்தேன்.”

அவன் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டு சைக்கிளை விட்டு இறங்கி வந்தான். கலைவாணி வழக்கம் போல் வாசற்படியிலிருந்து விலகி நின்றாள். அவன் படியில் வைக்கவில்லை. கூரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அரக்கு நூல் சுற்றிய பிடியை அவளிடம் நீட்டினான்.

“கைல வாங்கு.”

“படியில வைடா. சண்டை வரும்.”

“வரட்டும். அதுக்குத்தான் குடுக்கறேன்.”

உள்ளிருந்து வடிவாம்பாள் கதவோரம் வந்து நின்றாள். “தம்பி, கீழ வைப்பா” என்றாள். அவன் கையை இறக்கவில்லை. கலைவாணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தறிச் சத்தம் நின்றுவிட்டது.

“இப்ப சொல்லு” என்றான் தப்ரேஸ். “அன்னிக்கு மிஸ் ரூம்ல எங்கப்பா தலகுனிஞ்சிக்கினு நின்னாரு. நீ பக்கத்துலியே இருந்தே. ஏன் வாயத் தொறக்கல?”

ஊர் ஊராகப் போய்ப் பரிசு வாங்கி வந்த பெண் வாயைத் திறந்தாள். கையில் கத்தி இன்னும் சூடாக இருந்தது. தப்ரேஸ் நகரவில்லை, பதிலுக்காக அங்கேயே நின்றான்.